ஒரே பாட்டு, இரண்டு குழாய்

கல்யாணம் வெள்ளிக்கிழமை. இன்று ஞாயிறு. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, சேலை எடுத்தாகிவிட்டது, சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவரப்போகும் தாய்மாமன் யார் என்பது மட்டும் முடிவாகவில்லை.

தாய்மாமனுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். பஞ்சமெல்லாம் இல்லை, இரண்டு பேர் இருக்கிறார்கள். அதுதான் சங்கடம். பெண்ணின் அம்மா தங்கலட்சுமிக்கு அண்ணன் ஒருவர், தம்பி ஒருவன். அண்ணன் ஜெயபாண்டி பந்தல்குடியில் மைக்செட் வைத்திருக்கிறார். தம்பி அழகுராஜா மல்லாங்கிணற்றில் மைக்செட் வைத்திருக்கிறான். ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது.

வயல் வரப்பில் சண்டை இல்லை, வீட்டுப் பங்கில் சண்டை இல்லை. பாட்டு ரிக்கார்டில் நன்றாக இருக்குமா, சிடியில் நன்றாக இருக்குமா என்பதில்தான் சண்டை. சிரிக்காதீர்கள். தங்கலட்சுமி இதற்காக அழுத அழுகைக்குக் கணக்கே கிடையாது.

மகள் யுவராணிக்கு மூன்று வயதில் காதுகுத்து வைத்தார்கள். பிள்ளை பெரிய மாமன் மடியில் இருந்தது. ஒரு காது குத்தியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சின்ன மாமன் புதிதாக வாங்கின சிடி பிளேயரில் பாட்டைப் போட்டான். ஜெயபாண்டி கையைத் தூக்கினார்.

"நிப்பாட்டுலே! பாட்டு செத்துக் கெடக்கு."

"அதே பாட்டுத்தாண்ணே. உங்க காதுதான் செவிடு" என்றான் அழகுராஜா. பந்தலில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். இருபத்திரண்டு வயது வாய், என்ன சொல்கிறோம் என்று அதற்குத் தெரியவில்லை.

அண்ணன் மடியில் இருந்த பிள்ளையை இறக்கிவிட்டு, தன் ஒலிபெருக்கிக் குழாயைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். மறு காதைத் தம்பி மடியில் வைத்துக் குத்தினார்கள். பிள்ளை பெரிய மனுஷியானபோது காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று சடங்கு சுற்றினார்கள். கல்யாணத்தை அப்படி நடத்த முடியுமா? தாலி ஒரு தடவைதானே கட்ட முடியும்.

போன வாரம் தங்கலட்சுமி பொறுக்கமாட்டாமல் இரண்டு பேருக்கும் போன் போட்டு ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். "செட்டுப் போட்டி வச்சுக்குவோம். எவுக குழாயில பாட்டு நல்லாக் கேக்குதோ, அவுகதான் என் மக கல்யாணத்துக்குப் பாட்டுப் போடணும், அவ கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும். தோத்தவுக வாயத் தெறக்காம வேட்டி கட்டி மணவறையில வந்து நிக்கணும்."

இந்தப் பக்கத்தில் கோயில் பொங்கல் என்றால் இரண்டு மைக்செட்டை எதிரும் புதிருமாகக் கட்டி, எந்தக் குழாய் தெளிவு என்று பந்தயம் பார்ப்பது வழக்கம்தான். இரண்டு பேரும் உடனே சரி என்றார்கள். ஜெயிக்கப்போவது தான்தான் என்று இரண்டு பேரும் நம்பினார்கள். தோற்கிறவர் சொன்னபடி வந்து நிற்பாரா என்பதுதான் தங்கலட்சுமியின் கவலை.

காலை ஒன்பது மணிக்கு ஜெயபாண்டியின் குட்டியானை வண்டி வாசலில் வந்து நின்றது. குழாயும் ஆம்ப்ளிபயரும் பின்னால் கிடந்தன. ரிக்கார்டு மிஷினை மட்டும் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். நெற்றியில் எவ்வளவு சந்தனமோ அவ்வளவு சந்தனம் மிஷினுக்கும் வைத்திருந்தார்.

அது அவர்கள் அப்பா வாங்கின மிஷின். "இதை எவனும் பிரிக்கக் கூடாது, பொம்பளப் பிள்ளைக தொடவே கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடினார். ஜெயபாண்டி அந்தச் சொல்லைத் தாண்டினதே இல்லை. மேலே இருக்கும் ஓட்டையில் மாதம் ஒரு சொட்டு எண்ணெய், ஆயுத பூஜைக்கு ஒரு மாலை. அதற்கு மேல் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவர் பார்த்தது கிடையாது.

"மதினி வரலையாண்ணே?" என்று கேட்டாள் தங்கலட்சுமி.

"அவளுக்கு முட்டி வலி. போட்டி முடிஞ்சதும் போன் போடச் சொன்னா."

அண்ணன் பெண்டாட்டி ஈஸ்வரி மதினி பாவம். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும், "அவுக ரெண்டு பேத்தையும் நான் என்ன செய்ய தாயி" என்று முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். பத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் டிவியில் ஒரு பாட்டு ஓடக்கூடாது, போனில் ஒரு பாட்டு கேட்கக்கூடாது. எல்லாம் செத்த பாட்டு என்பார் அண்ணன்.

"நீயே சொல்லு தங்கம்" என்று காபியைக் கையில் வாங்கியபடியே ஆரம்பித்தார். "ரிக்கார்டுல ஊசி தட்டத் தொட்டு ஓடுது. பாடுன மனுசன் மூச்சு அந்தக் கோட்டுக்குள்ள இருக்கு. சிடியில என்ன இருக்கு? வெறும் வெளிச்சம். தொடாம எப்படித்தா பாடும்? அதான் பாடுறவுக தூங்கி வழியுறாக. எஃப்எம்ல அப்படித்தான் தூங்குறாக, போன்லயும் அப்படித்தான் தூங்குறாக. நான் எதுலயாச்சும் ஒரு எடத்துல முழிச்சுக் கேட்டுருவோம்னு பாக்கேன், முடியல."

ஊரில் இருக்கிற அத்தனை பெட்டியும் ஒரு மாதிரிப் பாட, அண்ணன் வீட்டுப் பெட்டி மட்டும் வேறு மாதிரிப் பாடியது. அதனால் ஊர் கெட்டுப்போய்விட்டது என்று அண்ணன் முடிவு கட்டியிருந்தார்.

பத்து மணிக்குத் தம்பி வந்தான். நரைத்த மீசையோடு நாற்பத்தொரு வயதில் வந்தாலும் அக்காவுக்கு அவன் சின்னப் பையன்தான். அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பாமல், "என்னக்கா, வந்துட்டாகளா?" என்றான்.

"கண்ணு தெரியலையாலே? இந்தா ஒக்காந்திருக்காகள்ல."

"அவுககிட்ட ஒண்ணு கேளுக்கா. ரிக்கார்டுல பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முந்தி அப்பளம் பொரியுதே, அதையும் பாட்டுல சேத்துக்கணுமா?"

"தங்கம், அந்த ஆள்கிட்டச் சொல்லு. பொரியுறது தூசி. தூசியத் தொடச்சுக்கலாம். செத்தவனத் தொடச்சு எழுப்ப முடியாது."

"அக்கா, சிடியில தூசியும் இல்ல, தேய்மானமும் இல்ல. நூறு தடவ போட்டாலும் மொதத் தடவ மாதிரியே பாடும்னு சொல்லு."

"பொணமும் நூறு தடவ பாத்தா அதே மாதிரித்தான் கெடக்கும்னு சொல்லு."

தங்கலட்சுமியின் கழுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி வலித்தது. கல்யாணப் பெண் யுவராணி அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு நகத்தைக் கடித்தாள். "அம்மா, வெள்ளிக்கிழமை என்னைய யாரும் கூட்டிட்டுப் போக வேண்டாம். நானே நடந்து போயிக்கிறேன்" என்றாள். சிரிப்பதுபோலச் சொன்னாலும் கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்குப் பின்னால் கண்மாய். தண்ணீர் வந்து வருடக்கணக்காகிவிட்டது, உள்ளே மண் வெடித்துக் கிடக்கிறது. தங்கலட்சுமியின் வீட்டுக்காரர் பால்ச்சாமி முந்தின நாளே நடுவில் இருந்த கருவேலஞ்செடிகளை வெட்டி இடம் பண்ணியிருந்தார். கரையின் இந்தக் கோடியில் வீட்டு மின்சாரத்தில் அண்ணன் குழாய். அந்தக் கோடியில் பிள்ளையார் கோயில் மின்சாரத்தில் தம்பி குழாய். இரண்டும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருந்தன. பாட்டு, கல்யாணத்துக்கு முதலில் போடுகிற பிள்ளையார் பாட்டு. ரிக்கார்டிலும் அதே பாட்டு, சிடியிலும் அதே பாட்டு, பாடியவரும் ஒரே ஆள்.

கரையில் முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். தங்கலட்சுமி கண்மாய் நடுவில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். தீர்ப்பு அவளுடையது.

முதலில் யார் போடுவது? அங்கேதான் வந்தது வினை. பின்னால் கேட்ட பாட்டுத்தான் காதில் நிற்கும் என்பது மைக்செட்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். "அவன் மொதல்ல போடட்டும்" என்றார் அண்ணன். "பெரியவுக மொதல்ல போடட்டும், மரியாத குடுக்கேன்" என்றான் தம்பி. பத்தொன்பது வருடமாகக் கொடுக்காத மரியாதை அவனுக்கு அன்றைக்கு எங்கிருந்தோ வந்துவிட்டது. அரை மணி நேரம் போனது. வெயில் உச்சந்தலையில் இறங்கியது.

பால்ச்சாமிக்குப் பொறுமை போய்விட்டது. "யாரும் மொதல்லயும் போட வேண்டாம், பின்னாலயும் போட வேண்டாம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போட்டுத் தொலைங்க! நான் துண்ட வீசுனதும் போடணும்."

இரண்டு குழாயும் ஒரே நேரத்தில் கத்தினால் எதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது? அந்த ரோசத்தில் அதை யாருமே யோசிக்கவில்லை. இரண்டு பேரும் சரி என்றார்கள்.

துண்டு பறந்தது. அண்ணன் ஊசியை வைத்தார் என்றால் வைத்த இடத்தில் பாட்டு எழும், அப்படி ஒரு கை. தம்பியும் பொத்தானைச் சரியாக அழுத்தினான். இரண்டு பக்கமிருந்தும் ஒரே குரல் வந்தது. தங்கலட்சுமிக்கு உடம்பு சிலிர்த்தது.

இரண்டு வரிதான். மூன்றாவது வரியில் குரல் பிளந்தது. அண்ணன் பக்கம் ஒரு சொல் முந்திக்கொண்டது. பிறகு இரண்டு சொல். சரணம் வருவதற்குள் பிள்ளையாருக்கு இந்தப் பக்கம் கொழுக்கட்டை படைத்தாகிவிட்டது, அந்தப் பக்கம் இன்னும் அருகம்புல்லைத்தான் பறித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் சிரிப்பு கிளம்பியது.

"அவன் லேட்டா ஆரம்பிச்சான்!" என்று கத்தினார் அண்ணன்.

மறுபடியும் துண்டு வீசினார்கள். மறுபடியும் அதே கதைதான். அண்ணனுடைய தட்டு பாடி முடித்துச் சரசரவென்று சுற்றிக்கொண்டிருந்தது, சிடியில் கடைசி வரி அப்போதுதான் வந்தது. அழகுராஜா போனைத் தூக்கிக் காட்டினான்.

"அக்கா, அட்டையில மூணு நிமிசம் நாப்பது விநாடின்னு போட்டிருக்கு. என் சிடி சரியா அதுல நின்னுச்சு. அவுக தட்டு மூணு இருபத்தெட்டுல முடிஞ்சுபோச்சு. மிஷினு ஓட்டமா ஓடுதுக்கா! பாடுறவரத் தொரத்திக்கிட்டு ஓடுது!"

கரையே கொல்லென்று சிரித்தது.

தங்கலட்சுமி சிரிக்கவில்லை. ஐயோ, அது இன்னுமா அங்கேயே இருக்கிறது?

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அண்ணன் அருப்புக்கோட்டைக்குப் போயிருந்த நேரம், பக்கத்து வீட்டு வளைகாப்புக்குப் பாட்டுப் போடச் சொல்லி ஆள் வந்துவிட்டார்கள். அப்போதெல்லாம் கோடையில் கரண்ட் இருக்கும், ஆனால் பலம் இருக்காது. பல்பு சிவப்பாக எரியும். தட்டு மெதுவாகச் சுற்றி, பாடுகிறவர் காய்ச்சல் வந்தவர்போல இழுத்து அழுதார். தொடக்கூடாத மிஷினை அவள் தொட்டாள். கொண்டை ஊசியால் நடுவில் இருந்த கம்பி வளையத்தை நெம்பி, தட்டு சுற்றும் தகட்டைத் தூக்கி, உள்ளே மோட்டார் தண்டில் டேப்பு ஒரு சுற்றுச் சுற்றினாள். தண்டு கொஞ்சம் தடித்தது, தட்டு வேகமாகச் சுற்றியது, பாட்டு நிமிர்ந்துவிட்டது.

அண்ணன் வந்து கேட்டுவிட்டு, "பாத்தியா, மதுரையில வாங்குன புது ஊசி என்னமாப் பாடுது!" என்றார். அந்தச் சந்தோஷத்தில் அவளால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அப்புறம் கழற்றிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அதற்குள் பால்ச்சாமி வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்துவிட்டார்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தாள். பந்தல்குடியில் புது டிரான்ஸ்பார்மர் வைத்தார்கள், கரண்டுக்குப் பலம் வந்தது. டேப்பு அங்கேயே இருந்தது. காதுகுத்து அன்று அழுகிற பிள்ளையைப் பார்த்தாளே ஒழிய, பாட்டைக் கேட்டாளா என்ன?

அவள் நினைப்புக் கலைந்து நிமிர்ந்தபோது, ஜெயபாண்டி மிஷினைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"வண்டிய எடு" என்றார் டிரைவரிடம். யுவராணி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "மாமா, போகாதீக மாமா."

"தாயி, மாமன் மேல கோவிச்சுக்காத. நல்லா இருப்ப. ஒங்க தாத்தா தொட்ட மிஷினப் பொய்யின்னு சொல்லிச் சிரிச்ச எடத்துல நான் எப்படித்தா வந்து நிப்பேன்?"

இதற்குத்தானே தங்கலட்சுமி பயந்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் அண்ணன் இப்போதே போய்விடுவார். திறந்தால், பத்தொன்பது வருடச் சண்டைக்குக் காரணம் நீயா என்று ஒரேயடியாகப் போய்விடுவார். எதுவாக இருந்தாலும் சொல்லிவிட்டே போகட்டும் என்று கண்மாய் மேட்டில் மூச்சிரைக்க ஏறி, வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"எறங்குங்கண்ணே. மிஷினு பொய் சொல்லல. நான்தான் அதுல ஒரு வேல பண்ணி வச்சேன்."

"நீயா? நீ என்ன பண்ணுன?"

"பத்தொன்பது வயசுல. நீங்க இல்லாத நேரம். பிரிச்சேன்."

"அப்பா மிஷினையா?"

"ஆமாண்ணே. அடிக்கிறதுன்னா அப்புறம் அடிங்க. மொதல்ல போர்வைய எடுங்க."

அவர் எடுக்கவில்லை. அவளே எடுத்தாள். வண்டியின் பின்பலகையில் மிஷினை வைத்து, தாலிக் கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, நடு வளையத்தை நெம்பினாள். இருபத்தைந்து வருடம் ஆகியும் கை மறக்கவில்லை. தகடு மேலே வந்தது. கீழே தூசியும் எண்ணெய்ப் பிசுக்குமாக மோட்டார் தண்டு. அதில் ஒரே ஒரு சுற்று டேப்பு, இறுகிப்போய்த் தண்டோடு தண்டாக ஒட்டியிருந்தது. நகத்தால் கீறினாள். அழுக்குக்கு அடியில் பச்சை தெரிந்தது.

கரை கோடியிலிருந்து ஓடி வந்த அழகுராஜா எட்டிப் பார்த்தான். "ஏய், இது என் சைக்கிள் ஹேண்டில்பாருக்குச் சுத்துன டேப்பு! காணோம்னு எத்தன நாளு தேடுனேன்!"

அவனை யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் ஜெயபாண்டியைத்தான் பார்த்தார்கள். அவர் தண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தங்கலட்சுமிக்கு அடித்தால்கூடத் தேவலை, பேசாமல் நிற்கிறாரே என்றிருந்தது.

"எத்தன சுத்து?" என்று கேட்டார்.

"ஒண்ணுண்ணே."

"ஒண்ணு போதும்னு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"கேட்டுப் பாத்தேன். மொதல்ல ரெண்டு சுத்துனேன், கிளி மாதிரிக் கத்துச்சு. ஒண்ணு உருவிப் பாத்தேன், குரலு சரியா வந்து ஒக்காந்துச்சு."

"அளவுகோலு கிடையாது, ஒண்ணு கிடையாது, வெறுங் காதுல கேட்டு." அண்ணன் தலையை ஆட்டினார். "அப்பா காது எனக்கு வந்துச்சுன்னு நெனச்சேன். ஒனக்குல்ல தாயி வந்துருக்கு."

அவ்வளவுதான். தங்கலட்சுமி வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். எத்தனை வருடத்து அழுகையோ, வந்தது வந்தபடி கொட்டியது.

"அப்போ எங்காது செவிடு இல்ல" என்றார் ஜெயபாண்டி. யாரிடம் சொன்னாரோ தெரியாது. "வித்தியாசம் இருக்குன்னுதான சொன்னேன். இருந்துச்சுல்ல? நான் சொன்னது சரிதான?"

அழகுராஜாவின் மீசை துடித்தது. "சரிதாண்ணே. உங்களுக்குக் கேட்டுருக்கு, எனக்குத்தான் கேக்கல. செவிடு நான்தாண்ணே. அந்தப் பேச்ச மனசுல வச்சுக்காதீக" என்று சொல்லிச் சட்டென்று குனிந்து அண்ணன் காலைத் தொட்டுவிட்டான்.

ஜெயபாண்டி தொண்டையைச் செருமினார். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் நேராகப் பேசின முதல் பேச்சு இது: "ஏலே, எந்திரி. வண்டியில பெட்ரோல் இருக்கு, துணியில நனச்சு எடுத்துட்டு வா. இந்தப் பிசினச் சுத்தமாத் தொடைக்கணும்."

தண்டைத் துடைத்து, தகட்டை மாட்டி, மறுபடியும் கரைக்குக் கொண்டுபோனார்கள். துண்டு பறந்தது. தங்கலட்சுமி நடுவில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மூன்றாவது வரி வந்தது. குரல் பிளக்கவில்லை. சரணம் வந்தது, பிளக்கவில்லை. கடைசி வரி வரைக்கும் இரண்டு குழாயும் ஒரு வாயாகப் பாடின. கண்மாய் முழுக்க ஒரே குரல் நிறைந்து நின்றது. அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது.

பாட்டு முடிந்ததும் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னண்ணே, என்னாச்சு?"

"என் தட்டும் தூங்குதே தங்கம்!"

பால்ச்சாமிதான் முதலில் சிரித்தார். பிறகு தம்பி சிரித்தான். பிறகு அண்ணனே சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இந்த லட்சணத்துக்கா ஊர்ல உள்ள எஃப்எம்காரன எல்லாம் வஞ்சுக்கிட்டுத் திரிஞ்சேன்!"

சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைத்துத் தங்கலட்சுமி இலை போடப் போனாள். சாம்பாரை ஊற்றும்போதே மறுபடியும் ஆரம்பித்துவிட்டது.

"வேகத்த விடுலே. இப்பவும் ரிக்கார்டுல குரலு உருண்டு வருது. சிடியில முனை கூரா இருக்கு, காதுல குத்துது."

"கூரா இருந்தாத்தாண்ணே குழாயில தெளிவு. நடுக் கண்மாயில நின்னு கேட்டா எது ரிக்கார்டு எது சிடின்னு ஒங்களுக்கே தெரியாது."

"எனக்கா தெரியாது? கண்ணக் கட்டிவிடு, சொல்றேன்."

"கட்டுறேன். சாப்பிட்டு வாங்க."

பழைய சண்டையேதான். ஆனால் "தங்கம், அவன்கிட்டச் சொல்லு" இல்லை, "அக்கா, அவுககிட்டக் கேளு" இல்லை. நேருக்கு நேராக, எச்சில் கையை நீட்டி நீட்டிச் சண்டை போட்டார்கள். இதைக் கேட்க எத்தனை கோயிலுக்கு நேர்ந்திருப்பாள்! சண்டை போடுங்கள் ராசாக்களா என்று ஆளுக்கு ஒரு கரண்டி பாயாசத்தைக் கூடவே ஊற்றினாள்.

யுவராணி இரண்டு மாமனுக்கும் நடுவில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "ஆளுக்கு ஒரு காது குத்துனீகள்ல? வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒரு கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. சரிதானா?"

ஜெயபாண்டி அவள் தலையில் கையை வைத்தார். "சரித்தா. ரெண்டு செட்டையும் கட்டுவோம். ஆனா மொதத் தட்ட நாங்க ரெண்டு பேரும் தொடமாட்டோம். ஒங்கம்மாதான் போடணும். அப்பா மிஷினுல, அவ கையால."

தங்கலட்சுமி பாயாச வாளியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினார். தம்பி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். மதினிக்கு யாரும் இன்னும் சொல்லவில்லையே என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது தங்கலட்சுமிக்கு. சந்தோஷமாகப் போனை எடுத்தாள்.

"மதினி! ராசியாயிட்டாக மதினி! ஒண்ணா ஒக்காந்து சோறு தின்னாக!"

"நெசமாவா? எப்படித் தாயி?"

"எல்லாம் நான் பண்ணுன கூத்து மதினி. கல்யாணத்துக்கு முந்தி அந்த மிஷினுக்குள்ள ஒரு டேப்பச் சுத்தி வச்சிட்டேன். அதுதான் வேகமா ஓடியிருக்கு. இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு, பிரிச்சு எடுத்துட்டோம்."

சிக்னல் போய்விட்டதோ என்று தங்கலட்சுமி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மறுபடியும் வைத்தாள்.

"மதினி?"

"அந்தப் பச்ச டேப்பையா? அத நீயா சுத்துன?" என்றாள் ஈஸ்வரி.

கண்மாய்க்குள் அண்ணனும் தம்பியும் சிரிக்கிற சத்தம் கேட்டது. தங்கலட்சுமி போனைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பச்சை என்று அவள் சொல்லவே இல்லை.